மச்சான் பூட்டிய அலமாரி

என் மச்சான்மேல் எனக்குப் பல வருஷமாக ஒரு குறை உண்டு. அவர் செய்த ஒரு தப்புக்கு வாய் நிறையத் திட்ட அவர் என்னை விடவே இல்லை.

மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன். மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் என் டயர் கடை, அந்தப் பக்கம் அவர் மருந்துக் கடை. வயசில் என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் எங்களுக்குள் வாய்யா போய்யா பேச்சுதான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன்.

"என்னய்யா, இன்னிக்கு யாரை மேல அனுப்பப் போறே?"

"நீ காத்து அடிச்சுவிட்ட வண்டியெல்லாம் எனக்கு முந்தி அனுப்பிருது மாப்ளே. எனக்கு எங்க ஆள் மிச்சம்?"

என் வாய்க்குத் தெருவே பயப்படும். அவர் மட்டும் அதைக் காலை டீ மாதிரி எதிர்பார்த்து நிற்பார்.

தெருவில் அவருக்கு அரை டாக்டர் என்று பேர். இருமுகிற சத்தத்தைக் கேட்டே எந்த மருந்து என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் கேட்கவும் செய்யும். வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் டாக்டர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்காமல் நேராக இவரிடம் வருவார்கள். கர்வம் பிடித்த ஆள் இல்லை. "உங்க கைராசிண்ணே" என்று யாராவது சொன்னால் மட்டும் காது சிவந்துபோகும். அந்தக் காதைப் பார்த்தே நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டுவேன்.

எனக்கு நாற்பது வயசில் இடுப்பு போயிற்று. தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் போகாமல் அது நொறுங்க ஆரம்பித்தது. டயர் கழற்றுகிறவனுக்குக் குந்தி உட்கார முடியாவிட்டால் என்ன பிழைப்பு? பழைய மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். நன்றாகத்தான் நடந்தேன். தையல் பிரித்துக் கொஞ்ச நாளில் தழும்பின் கீழ்முனையில் அரிசி அளவுக்கு ஒரு பொத்தல் விழுந்தது. அதிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்து கால்சட்டையில் ஒட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பப் படுக்கப் போட்டுவிடுவார்கள் என்று பயம். பக்கத்திலேயேதான் டாக்டர் இருக்கிறாரே. சுவரைத் தட்டினேன். மச்சான் வந்தார், குனிந்து பார்த்தார்.

"மேல் புண்ணுதான் மாப்ளே. ஆறிரும்."

ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு அட்டையைக் கையில் வைத்தார். கசிவு நின்றது. அட்டை தீர்ந்ததும் திரும்பக் கசிந்தது. வேறு அட்டை கொடுத்தார், நின்றது. இப்படியே மாசக்கணக்கில் ஓடியது. புண்ணுக்குப் போட்ட கட்டையும் அவரேதான் மாற்றுவார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவ்வளவு பதமாக. ஓட்டை டியூபில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால் அடித்த நேரத்துக்கு உப்பத்தான் செய்யும். அந்தத் தொழிலையே செய்கிறவன் நான். எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் ஜாக்கியைத் தூக்கும்போது தொடைக்குள் கத்தியைச் சொருகினமாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. மச்சான்தான் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு மூட்டு வைத்த டாக்டரம்மா இடுப்புக்குள் நீள ஊசியை விட்டு நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்தபோது அதில் ஒரு கிருமியும் முளைக்கவில்லை. அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுல மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொல்லிவிட்டார். "நான்தாங்க குடுத்தேன்."

"எத்தனை நாளா?"

அவர் சொன்னார். அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். மாத்திரையில் கிருமி சாகாமல் மயங்கிக் கிடக்கிறது, அதனால்தான் சோதனையில் தலை காட்டவில்லை, என்ன கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தால் அடிப்பது என்று நிதானமாக விளக்கினார். மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லி, காத்திருந்து, திரும்ப ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். அப்போதுதான் கிருமி பிடிபட்டது.

"கசிஞ்ச உடனே வந்திருந்தா திறந்து நல்லாக் கழுவி, நடுவுல இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் மாத்தி, இந்த மூட்டையே காப்பாத்தப் பார்த்திருப்போம்" என்றார் டாக்டரம்மா. "இப்ப கிருமி உலோகத்து மேல பாசி மாதிரி படிஞ்சிருச்சு. மருந்து அதைத் தாண்டி உள்ள போகாது. எல்லாத்தையும் எடுத்தாகணும்."

மச்சான் தலை குனிந்தார். அன்றைக்குக் குனிந்த தலைதான்.

வெளியே வந்ததும் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். அவர் பரம்பரைக்கே சேர்த்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். வராந்தாவில் அவரே எனக்கு முன்னால் வந்து நின்றார். "அடிச்சுக்கூடப் போடு மாப்ளே" என்றார். அடிக்கச் சொல்லி நிற்கிறவனை எங்கே அடிப்பது? அடுக்கினதெல்லாம் அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

உலோகத் தண்டு எலும்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததாம். தொடை எலும்பை நீளவாக்கில் மூடி மாதிரி அறுத்துத் திறந்து, தண்டை எடுத்து, அழுகின சதையைச் சுரண்டிக் கழுவி, எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். காலியான இடத்தில் மருந்து கலந்த சிமெண்டில் ஒரு தற்காலிக மூட்டு. கிருமி செத்தது உறுதியானபிறகுதான் நிரந்தர மூட்டு வைப்பார்கள்.

"சிமெண்டா? மேஸ்திரி யாரும்மா?" என்று நர்ஸைக் கேட்டேன். சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் கையில் மருந்து ஏறிக்கொண்டேயிருந்தது. அந்தக் காலை ஊன்றக் கூடாது. மச்சான் தினம் கடை திறக்கும் முன் வருவார். முகம் மழித்துவிடுவார், முதுகைத் துடைப்பார், படுக்கைச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவார். "வேற ஏதாவது வேணுமா?" என்பார். "வேண்டாங்க" என்பேன். அந்த மரியாதை அவர் முகத்தில் விழுவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்.

இரண்டாவது ஆபரேஷனில் நீளத் தண்டு வைத்த புது மூட்டு வந்தது. இந்த முறை ஆறியது. ஆனாலும் கால் கொஞ்சம் குட்டைதான். பழைய டயரை அறுத்து அந்தக் கால் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டேன். ஊன்றுகோலோடு நடப்பேன். குந்த முடியாது. டயர் கழற்ற ஆள் வைத்துவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறேன்.

மச்சான் கடையில் ஒரு சின்னத் தகர அலமாரி வந்தது. ஆன்டிபயாடிக் எல்லாம் அதற்குள் போயிற்று. பூட்டு, சாவி கயிற்றில் கட்டிக் கழுத்தில். யார் வந்தாலும் "சீட்டு எங்கே?" என்பார். அரை டாக்டர் என்ற பேர் போய், சீட்டெங்கே என்பதே அவருக்குப் பேராயிற்று. கூட்டம் அடுத்த தெருக் கடைக்கு நகர்ந்தது. சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும்.

"பழைய மாதிரி ஒரு அட்டை குடுங்கண்ணே. புண்ணு லேசாத்தான் இருக்கு."

"லேசுன்னு நான் ஒருத்தனுக்குச் சொன்னேம்மா. டாக்டரைப் பாரு."

சில சமயம் கடையைச் சாத்திவிட்டு அவரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவார். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு கணம் நிற்பார், ஏதாவது வருமா என்று. "சாப்பிட்டாச்சா?" என்பேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

காலமெல்லாம் நின்று வியாபாரம் செய்ததில் அவருடைய இடது முழங்கால் வளைந்து போயிற்று. கடைக்கு ஒரே ஒரு படி. அதில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறுவார். அதே டாக்டரம்மா மூட்டை மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டார். தங்கை கெஞ்சினபோது அவர் சொன்ன பதில், "மாப்ளே காலைக் கெடுத்தவனுக்குப் புதுக் கால் ஒரு கேடா?"

அவள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள். "அண்ணன் யார் சொல்லியும் கேக்காது. நீங்க சொன்னா கேக்கும்."

மறுநாள் அவர் அந்தப் படியில் ஏறி முனகியது சுவர் வழியாகக் கேட்டது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

"யோவ் அரை டாக்டரு. என் காலைத் தூக்கி உன் தலையில வச்சுக்கிட்டுத் திரியிறியே, அது என்ன கிரீடமா? இறக்கி வையிய்யா. நீ ஏறுற லட்சணத்தைப் பார்த்துட்டு, மருந்து வாங்க வர்றவன் நம்ம நோவே தேவலைன்னு திரும்பிப் போறான். பயந்தாங்கொள்ளி. போய்க் காலை மாத்திக்கிட்டு வா. இல்லைன்னா உன் தங்கச்சிய மூட்டை முடிச்சோட இங்க கொண்டாந்து விட்டுருவேன். அவ ஒப்பாரிய நீயே உக்காந்து கேளு."

கடையில் நின்ற இரண்டு பேர் நகர்ந்துகொண்டார்கள். மச்சான் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

"நிறுத்தாதே மாப்ளே. இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் திட்டினேன். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டில் நடந்தார். "பாருய்யா, நண்டு நேரா நடக்குது" என்றார். அந்த வாரம் முடிவதற்குள், குளியலறைக்குப் போக எழுந்தவர் வாசற்படியிலேயே சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டதாம். அது வராமலிருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். கொடுத்தும் சிலருக்கு வந்துவிடுமாம்.

"யார் மேலயும் தப்பில்லை" என்றார் டாக்டரம்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே இன்னொரு தரம் சொன்னார்.

அதற்கப்புறம் என் மனைவி அறைக்குள் வந்தாலே, வாய் திறக்கும் முன் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. நேற்று டீயைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள்.

"எங்கண்ணன் மாதிரி நிக்காதீங்க. திட்டணும்னா நான் திட்டிக்கிறேன். நிமிருங்க."

நிமிர்ந்தேன். அவள் திட்டவில்லை. காத்துக்கொண்டிருக்கிறேன்.

கடையை இப்போது மச்சானின் மகள் பார்க்கிறாள். அவளும் அப்பா மாதிரி மருந்துப் படிப்பு படித்தவள்தான். யாராவது சீட்டோடு வந்தால் "மாமா" என்று சுவரைத் தட்டுவாள். நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய், அந்தப் படியில் ஏறி, தகர அலமாரியைத் திறந்துவிட்டு வருவேன். சாவி என் கழுத்தில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் அவர் என் கடைக்கு வந்து, கயிற்றோடு அதைக் கழற்றி என் கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்தபிறகு என் தையல் கொஞ்சம் சிவந்தாலே எனக்குப் பயம் வந்துரும் மாப்ளே. பழக்கமான கை, தானா அலமாரிக்குப் போகும். அவ என் பொண்ணு. அப்பா கேட்டா எடுத்துக் குடுத்திருவா. நீ குடுக்க மாட்டே. சீட்டு இல்லாம யார் வந்தாலும் திறக்காதே. நானே வந்து கெஞ்சினாலும் திறக்காதே."