ஹெர்லிண்டா ஒதுக்கிவைத்த வெண்ணெய்ப்பழம்

பீச் பழத்தைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் ஹெர்லிண்டா சமூதியோவின் கை ஓடுகிற வேகத்தை மேஸ்திரிகூட நின்று பார்ப்பார். கல்யாணமான புதிதில் எல்லைக்குத் தெற்கே உள்ள மிச்சோவகானிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தவள். பிள்ளைகளை ஆளாக்கியது, புருஷனை அடக்கம் செய்தது, எல்லாம் இந்தப் பழத்தோட்டத்து ஊரில்தான். ஆனால் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் பழத்தைப் பற்றிப் பேச மாட்டாள். "நான் டாக்டருங்களுக்கே பாடம் எடுக்கறவ" என்பாள்.

பொய்யில்லை. சனிக்கிழமைதோறும் ஊர் கிளினிக்கின் பின்னறையில் அவள் நோயாளியாக நடிப்பாள். தன்னைப் போன்ற லத்தீனோ ஜனங்களின் மனக்கஷ்டத்தை எப்படிக் கேட்டு அறிவது என்பதை மருத்துவ மாணவர்கள் அவளிடம்தான் பழகினார்கள். கதைப்படி அவள் பெயர் சோகோரோ. தலைவலி என்று வருவாள். மகனை அரசாங்கம் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது, அன்றிலிருந்து தூக்கமில்லை என்பது உள்ளே கிடக்கும். ஒரு மாணவன் வந்ததும் வராததுமாக "மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டால் போச்சு. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கடவுள் புண்ணியம்" என்று கைப்பையை மடியில் இறுக்கிக்கொள்வாள். எந்த ஊர், வீட்டில் யார் யார், இன்றைக்கு என்ன சமையல் என்று சுற்றி வந்து, அவள் 'நரம்புக் கோளாறு' என்று சொல்வதைத் திருத்தாமல் கேட்பவனுக்குத்தான் மகன் கதை கிடைக்கும். உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் மட்டுமே தெரியும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் டாக்டரம்மா ரெந்தேரியா மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டபோது டெல்ஃபினாவைக் கூட்டிவந்ததும் ஹெர்லிண்டாவேதான். டெல்ஃபினா அவளுடைய மூத்த மகனுக்கு ஞானத்தாய், அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் கோமாத்ரே. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்வரை வாடி, போடி. அதற்கப்புறம் சண்டை என்றாலும் 'நீங்க'தான்.

டெல்ஃபினா உட்கார்ந்த முதல் நாளே ஒரு மாணவி மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள். டெல்ஃபினா அழமாட்டாள். கண்ணில் நீர் கட்டி நிற்கும், விழாது. அந்த விழாத நீரைப் பார்க்கப் பார்க்க ஹெர்லிண்டாவுக்கு வயிறு எரிந்தது. நான் காட்டிக்கொடுத்த வேலை, என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை என்று பழத்தை அடுக்கும்போதும் அதே நினைப்பு.

போன சனிக்கிழமை டாக்டரம்மா சொல்லியும்விட்டார். "கடைசித் தேர்வுக்கு டெல்ஃபினா இருக்கட்டும். உங்க கதை பசங்களுக்கு மனப்பாடம், ஹெர்லிண்டா. போன வருஷத்துப் பசங்க இவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க, 'மகனைப் பத்திக் கேளு, பாஸ்'னு."

"அதுக்கென்ன டாக்டர், நல்லது" என்றாள் ஹெர்லிண்டா. முகம் சிரித்தது. நாக்கில் கசப்பு ஊறியது.

தேர்வு முடிந்ததும் மாணவர்கள் அன்றைய நோயாளி அம்மாவை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வருஷப் படம் வரும்வரை அது கிளினிக் வாசலில் தொங்கும். இதுவரை எடுத்த எல்லாப் படத்திலும் நடுவில் நின்றவள் அவள்.

இந்த சனிக்கிழமை மதியம் டெல்ஃபினா ஒரு பெரிய கிண்ணம் நிறைய வெண்ணெய்ப்பழத்தை மசித்து, எலுமிச்சையும் பச்சைமிளகாயும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "சாப்பிடுங்க கோமாத்ரே. தேர்வுன்னாலே எனக்குப் பயம். நீங்கதான் சொல்லித் தரணும்."

"உங்களுக்கு எதுக்கு? பொறக்கும்போதே அழுதுக்கிட்டே பொறந்தவங்களாச்சே!"

"நீங்க என்ன, சிரிச்சுக்கிட்டா பொறந்தீங்க?"

மாணவர்கள் சிரித்தார்கள். ஹெர்லிண்டா சோள ரொட்டியில் பீன்ஸை மட்டும் வைத்துச் சுருட்டி, கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டாள். உடம்பில் கோபம் இருக்கும்போது வெண்ணெய்ப்பழம் தின்றால் பித்தம் ஏறி ஆளையே சாய்த்துவிடும். மிச்சோவகானில் ஆகட்டும், இங்கே ஆகட்டும், அதைச் சோதித்துப் பார்க்க அவள் ஆட்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஒரு வாரமாகச் சிரித்துச் சிரித்துக் கோபத்தை மூடிவைத்தவள், உயிர் பயத்தில் இதை மூட மறந்துபோனாள்.

அவள் தள்ளிவிட்ட கிண்ணத்தை டெல்ஃபினா பார்த்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹெர்லிண்டாவிடம் பழகிப் பார்க்க மாணவன் வெண்டெலின் முறை. கான்சஸில் கோதுமை போடுகிறவர் மகன். செம்பட்டைத் தலை, நிலையில் இடிக்கிற உயரம். ஹெர்லிண்டாவிடம் ஒருமுறைகூட மகன் கதையை வாங்கத் தெரியாதவன். உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"சாப்பாடு ஆச்சா, சோகோரோ அம்மா?"

"ஆச்சு."

"வெண்ணெய்ப்பழத்தைத் தொடவே இல்லையே?"

கைப்பை மடியில் இறுகியது. "வயிறு சரியில்ல."

"நான் குடியிருக்கிற வீட்டம்மாவும் உங்க ஊர்ப்பக்கம்தான். மகனோட சண்டை போட்டா அன்னிக்கு அதைத் தொடமாட்டாங்க. கோபம் இறங்கட்டும்பாங்க." கொஞ்சம் தயங்கினான். "உங்களுக்கு யார் மேல கோபம்?"

சோகோரோவின் கதையில் கோபமே கிடையாது. இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வெண்டெல் அடுத்த கேள்விக்குத் தாவவில்லை. பெரிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். எதிரே கண்ணாடியில் அவள் முகம்தான் அவளுக்குத் தெரிந்தது. தேர்வு நெருங்கியதால் அதற்குப் பின்னால் மற்ற மாணவர்கள் இல்லை, டாக்டரம்மாவும் டெல்ஃபினாவும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

"என் கோமாத்ரே மேல" என்றாள்.

"என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. அதான் கோபம். தப்பு செஞ்சிருந்தா நாலு பேருகிட்ட சொல்லி ஆத்திக்கலாம். அவ என்னைவிட நல்லா செய்யறா!" குரல் ஏறியது. "பெட்டி அடுக்கறவ பேரை யாரு கேட்டாங்க? இந்த நாற்காலியில உக்காந்தாத்தான் ஒருத்தர் குனிஞ்சு நான் சொல்றதக் கேக்கறாங்க. புருஷன் போனப்புறம் வேற யாரு கேட்டா? இருந்தது இந்த ஒரு நாற்காலி. அதையும் அவளுக்கே தூக்கிக் குடுத்துட்டாங்க."

"தூக்கம் வருதா?"

"எங்க வருது? சுவத்துல அவ படம் தொங்கறதையே பாத்துக்கிட்டுக் கெடக்கறேன். இன்னும் எடுக்கவே எடுக்காத படம்!"

வெண்டெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு அழுகையாயிற்று.

வெளியே வந்ததும் டாக்டரம்மா அவளை ஓரமாகக் கூப்பிட்டார். டெல்ஃபினா விலகிப் போகவில்லை.

"இது வெண்டெலைத் தவிர எந்தப் பையனுக்கும் தெரியாத கதை, ஹெர்லிண்டா. தேர்வுக்கு இதையே வச்சுக்கலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்தான்."

நாற்காலி திரும்பி வருகிறது. ஆனால் வருகிற ஒவ்வொரு மாணவனிடமும், கேட்கத் தெரிந்து கேட்டால், தன் பொறாமையைத் தானே எடுத்து வைக்க வேண்டும். தேர்வுக்கு வரும் பெரிய டாக்டர்கள் முன்னால். டெல்ஃபினா முன்னால். ஹெர்லிண்டா தரையைப் பார்த்தாள்.

"சம்மதம். கோமாத்ரேக்கு மட்டும் வேற பேரு வச்சிடுங்க."

"எதுக்கு?" என்றாள் டெல்ஃபினா. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "என் பேரே இருக்கட்டும். நாற்காலிதான் போச்சு, பேராவது இருக்கட்டும்."

தேர்வு நாளில் சில மாணவர்கள் கோபம்வரை வந்தார்கள், சிலர் தலைவலியோடு நின்றுவிட்டார்கள். டெல்ஃபினா என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஹெர்லிண்டாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் சொன்னாள். படம் எடுத்தார்கள். நடுவில் அவள், ஓரத்தில் டெல்ஃபினா.

அன்றைக்கு வெண்ணெய்ப்பழம் ஹெர்லிண்டா கொண்டுவந்தது. எல்லோர் தட்டுக்கும் போய், கிண்ணம் டெல்ஃபினாவிடம் வந்தது. டெல்ஃபினா ரொட்டியில் பீன்ஸை மட்டும் வைத்துச் சுருட்டி, கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.

ஹெர்லிண்டா பார்த்துக்கொண்டேயிருந்தாள். நெஞ்சுக்குள் ஜிலுஜிலு என்று இருந்தது. பையிலிருந்து முழுப் பழம் ஒன்றை எடுத்து அறுத்து, உப்புத் தூவி, தோலோடு ஒட்டியதையும் வழித்துத் தின்றாள். அதன் பிறகு நாற்காலியை இழுத்து டெல்ஃபினாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"யார் மேல கோபம், கோமாத்ரே?"

"வயிறு சரியில்ல."

ஹெர்லிண்டா கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.