பச்சைக் கோடு நேரானபோது

எண்பதுகளின் தொடக்கம். அப்போது பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஒரு நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்றார்கள்.

அவர் நெஞ்சில் மூன்று வில்லைகளை ஒட்டி, ஒயர் மாட்டி, தலைமாட்டில் இருந்த ஒரு பெட்டியோடு இணைத்திருந்தார்கள். அதன் கண்ணாடியில் பச்சைக் கோடு ஒன்று துள்ளித் துள்ளி ஓடியது. பக்கத்தில் ஒரு எண். இதுதான் அவர் இதயம் துடிக்கிற கணக்கு என்றாள் வார்டு மிஸ்ஸி. நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. நெஞ்சுக்குள் இருப்பதை வெளியே ஓடவிட்டிருக்கிறார்களே!

இரண்டாம் நாள் பகலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு கொஞ்சம் இழுத்தாற்போல் தோன்றியது. மிஸ்ஸியிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மூச்சு முட்டினால் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தேய்ப்போம். கைப்பையில் சின்னப் போத்தல் ஒன்று கொண்டுபோயிருந்தேன். மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பியதும் நெஞ்சு முழுக்கத் தேய்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பெட்டி அலறியது. பச்சைக் கோடு நேராகப் படுத்துவிட்டது. ஐயோ, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மிஸ்ஸி ஓடி வந்தாள். பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கை அவர் கழுத்தில், கண் அவர் நெஞ்சில்.

“அழாதீங்கக்கா, மூச்சு நல்லாத்தான் வருது. ஒயருதான் கழண்டுபோச்சுலா. நெஞ்சுல என்னத்த தேய்ச்சீங்க?”

எண்ணெயில் வில்லைகள் வழுக்கிக் கழன்றிருந்தன. போத்தலை எடுத்து நீட்டினேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. இனி மூச்சில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் தன்னைக் கூப்பிடச் சொல்லி, துடைத்து வேறு வில்லை ஒட்டும்வரை என்னை வெளியே நிற்கவைத்தாள்.

கால் மணி நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி உள்ளே போனேன். பச்சைக் கோடு மறுபடியும் துள்ளிக்கொண்டிருந்தது. எண் எழுபத்திரண்டு. சாமி கும்பிடுவதுபோல் கைகூப்பிவிட்டேன்.

சத்தத்தில் விழித்திருந்த அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “இவ்ளோ நேரம் எங்க போய்த் தொலஞ்ச?”

எழுபத்திரண்டு எண்பது ஆனது. கட்டிலருகே போய்க் கையைப் பிடித்தேன். எண்பத்தெட்டு.

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். “அண்ணனுக்கு அக்காவக் கண்டதும் நெஞ்சு ஓடுது பாருங்க!”

அவர் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஆசையாக ஒரு வார்த்தை சொன்ன மனிதர் இல்லை அவர். நான் அந்த எண்பத்தெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் நிற்கவே இல்லை.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். கோபம் மட்டும் குறையவில்லை. ஆனால் இன்றைக்கும் அவர் என்னைத் திட்டினால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, நெஞ்சைத்தான் பார்க்கிறேன்.