சான்டா ஃபேயில் எங்கள் காரைச் சுற்றி ஒரு கூட்டம்

ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு டெக்சஸுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். என் கணவருக்கு வேலை போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. டாலஸ் பக்கம் இருந்த அவருடைய கல்லூரி நண்பர், தன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான், கிளம்பி வந்துவிடு என்று சொல்லியிருந்தார். அந்தக் "கிட்டத்தட்ட" எங்கள் இருவர் காதிலும் விழத்தான் செய்தது. விழாத மாதிரி இருந்துகொண்டோம். விற்க முடிந்ததை விற்றோம், மற்றதைக் கொடுத்தோம், கொடுக்க மனம் வராததைக் காரில் ஏற்றினோம்.

சான்டா ஃபே போகவேண்டும் என்று கேட்டது என் மகள். பத்து வயது, எப்போதும் எதையாவது வரைந்துகொண்டிருப்பவள். நியூ மெக்ஸிகோவில் ஒரு ஊரில் தெருத்தெருவாக ஆர்ட் கேலரிகள் இருக்கின்றன என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தாராம். நெடுஞ்சாலையை விட்டு ஒரு மணி நேரம் வடக்கே விலகிப் போகவேண்டும். பள்ளியையும் தோழிகளையும் விட்டுவிட்டு வந்தவள் கேட்டது அது ஒன்றுதான். என் கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பினார். அந்த நாட்களில் அவர் அப்படித்தான் இருந்தார்.

அதற்கு முன்பே அரிசோனாவில் அடித்த காற்றில் கார் மேலே கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்துவிட்டது. கேஸ் ஸ்டேஷனில் வாங்கிய கயிறு போதவில்லை. நான் துணி மூட்டையைப் பிரித்து என் பழைய புடவைகளை எடுத்தேன். மஞ்சள் சுங்குடி ஒன்று, பச்சை நைலக்ஸ் ஒன்று, அரக்கு நிறத்தில் ஒரு காட்டன். மகளின் மெத்தை, குக்கர் வைத்த பெட்டி, அவருடைய ஆபீஸ் நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டேன். நாற்காலியின் சக்கரங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தன.

சான்டா ஃபே முழுக்க மண் பூசினாற்போல ஒரே நிறம். வேறு மாதிரி கட்டினால் விடமாட்டார்களாம். வாசல்களில் காய்ந்த மிளகாயைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் திருஷ்டிக்கா?" என்று கேட்டேன்.

"நோ அம்மா. இட்ஸ் ஜஸ்ட் ப்ரிட்டி," என்றாள் மகள்.

கேலரிகள் நிறைந்த தெருவில் காரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் சாப்பிடப் போனோம். ஆர்டர் எடுக்க வந்த பெண், என் கணவரைப் பார்த்து, "ரெட் ஆர் க்ரீன்?" என்றாள். எந்த மிளகாய்ச் சாறு ஊற்றட்டும் என்று அந்த ஊரில் எல்லோரிடமும் கேட்பார்கள். அவர் வேறெங்கோ இருந்தார். திடுக்கிட்டு நிமிர்ந்து, "க்ரீன் இஸ் ஸ்டில் பெண்டிங்," என்றார்.

அந்தப் பெண் விழித்தாள். நான் சிரித்தேன். வருடக்கணக்காக வராமலிருந்த கிரீன் கார்டைப் பற்றி அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் சிரிக்கவில்லை. மகள்தான் ரெட் என்று சொல்லி முடித்தாள்.

திரும்பி வந்தபோது எங்கள் காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரோ காரை இடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கழுத்து நிறைய நீலக்கல் மாலை போட்டிருந்த ஒரு வயதான பெண்மணி, சுங்குடியின் முனையைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், இதைச் செய்த ஆர்ட்டிஸ்ட் நீங்களா என்று என் கணவரிடம் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, "யெஸ்," என்றார்.

இதற்கு என்ன பெயர் என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"ரீலொக்கேஷன்."

கூட்டத்தில் மெச்சுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எதிர்க் கேலரியிலிருந்து அதன் சொந்தக்காரரும் வெளியே வந்தார். நாற்காலி ஏன் தலைகீழாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அதில் உட்கார்ந்திருந்தவன் இப்போது அங்கே இல்லை என்று இவர் சொன்னார். புடவைகள்? வீட்டைத் தாங்கிப் பிடிப்பது அவைதான் என்றார். ஒரு வருடமாகப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து இண்டர்வியூக்களில் அவர் குரல் தேய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஒரு கேள்விக்கும் இப்படிப் பதில் சொன்னதில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. முடிச்சுப் போட்டவள் நான் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

"அப்பா இஸ் லையிங்," என்று மகள் என் காதில் சொன்னாள்.

"இருக்கட்டும் விடும்மா," என்றேன்.

கேலரிக்காரர், சாயங்காலம் நிறையப் பேர் வருவார்கள், அதுவரை வண்டி இங்கேயே நிற்கலாமா என்று கேட்டார். தாராளமாக, என்றார் இவர்.

அப்போதுதான் போன் வந்தது. டாலஸ் நண்பர். இவர் கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு சுவரோரம் நின்று கேட்டார். "ஓ... ஓகேடா... இல்லடா, கிளம்பியாச்சு, பாதி வழி வந்துட்டோம்... பரவால்லடா, நீ என்ன பண்ணுவ." அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. முகத்தைப் பார்த்தே மற்றது புரிந்தது.

"என்னங்க?"

"அந்த வேலைய ஹோல்ட்ல போட்டுட்டாங்களாம். எப்ப ஓபன் ஆகும்னு அவனுக்கே தெரியலையாம். எதுக்கும் வாங்க, மாடி ரூம் காலியாத்தான் இருக்குங்கறான்."

நான் அவர் கையிலிருந்து போனை வாங்கிப் பையில் போட்டேன்.

புதிதாக வந்த ஒரு ஜோடி அவருக்காகக் காத்திருந்தது. இந்தப் படைப்பின் வழியாக என்ன சொல்ல வருகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். இவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "இது ஆர்ட் இல்லை. எங்க வீட்டுச் சாமான். எனக்கு வேலை போய்விட்டது. நாங்க வீடு மாறிப் போறோம். போற இடத்திலும் இப்போ வேலை இல்லை."

நீலக்கல் அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எக்ஸாக்ட்லி," என்றார்.

இல்லை, நிஜமாகவே, என்று இவர் மறுபடி சொன்னார். அவர்கள் இன்னும் ஆழமாகத் தலையாட்டினார்கள். ஒருவர் போனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். இவர் திரும்பி, தளர்ந்திருந்த ஒரு முடிச்சை இறுக்கப் போனார். நான் மறுபக்கம் போய்ப் புடவையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சேர்ந்து கட்டி முடித்ததும் யாரோ மெல்லக் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

மகள் ஏற்கெனவே பின் சீட்டில் ஏறி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கேலரிக்குள்ளும் அவள் போகவில்லை. கேட்கவுமில்லை.

டாலஸில் அந்த வேலை வரவே இல்லை. வேறு எதுவும் வரவில்லை. மாடி ரூமில் ஒரு மழைக்காலம் போய், ஒரு வெயில்காலமும் போயிற்று. நான் ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் இன்னமும் காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருகிறார். நண்பரும் அவர் மனைவியும் இதுவரை எதுவும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்று சில நாள் தோன்றும்.

அன்று சாயங்காலம் வரை காத்திருக்காமல் சான்டா ஃபேயை விட்டு வெளியே வந்த பிறகு இருபக்கமும் மரமில்லாத வெளிதான்.

"திரும்பிடலாமா?" என்றார் அவர்.

"எங்க?"

இண்டிகேட்டர் போட்டு, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லாரியைத் தாண்டிப் போனார்.