செவலை போர்த்தி வந்த சாக்கு

மதுராந்தகம் ஏரி ஓரத்தில் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு மார்கழி பிறந்தால் கோலமும் பூசணிப்பூவும் அப்புறம்தான் ஞாபகம் வரும். முதலில் வருவது சாக்கு. தீவனம் வந்த சணல் சாக்குகளை அலசிக் காயவைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கோணியூசியால் தைத்து, பொழுது சாய்ந்ததும் மாடுகளின் முதுகில் போர்த்தி, வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்துக் கட்டிவிடுவோம். ஏரிப் பனி அப்படி. மெட்ராஸ்காரர்கள் எங்கள் ஊர்க் குளிரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விடியற்காலையில் ஈரத் தரையில் குந்திக்கொண்டு ஒரு மாடு கறந்துவிட்டு வந்து அப்புறம் சிரிக்கட்டும். இப்போது பொத்தேரியில் ஆபீஸ் ஏசிக்குப் பயந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஸ்வெட்டரை மாட்டும்போதெல்லாம் எனக்குச் சணல் வாசனைதான் வருகிறது.

நான் ஐந்தாவது படித்த வருஷம், தீபாவளிக்கு வந்த அத்தை திரும்பிப் போகவில்லை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஏரிக்கு அந்தப் பக்கம், அச்சரப்பாக்கம் போகிற வழியில் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கேயும் மாடு கன்றுதான் பிழைப்பு. அத்தை ஆசை ஆசையாக வளர்த்த ஒரு கிடாரிக்கன்றை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மாமா விற்றுவிட்டார். அதுதான் சண்டை. கேட்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று இருக்கும். கன்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். கார்த்திகையும் போய் மார்கழியும் வந்துவிட்டது. அத்தையின் செல்போன் அரிசி ட்ரம் மேலேயே கிடந்தது. சார்ஜ் மட்டும் தவறாமல் போடுவாள். அது ஒருநாளும் அடித்து நான் கேட்டதில்லை.

எனக்கென்னவோ கொண்டாட்டம்தான். அம்மா தலை வாரினால் உயிர் போகும். அத்தை வாரினால் தூக்கம் வரும். அவள் இங்கேயே இருந்துவிடட்டும் என்று சாமியிடம்கூட வேண்டிக்கொண்டிருந்தேன்.

அரைப்பரீட்சை லீவில் ஒரு காலை, எழுந்து வந்து பார்த்தால் தோட்டமே காணோம். பனிமூட்டம் என்றால் அப்படி ஒரு மூட்டம். வேப்பமரம் அடிப்பக்கம் மட்டும் இருந்தது, மேலே ஒன்றுமில்லை. வைக்கோல்போர் இருந்த இடத்தில் வெளுப்பாக ஏதோ மிதந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் எங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அப்பா பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே அடுப்பிலே. நான் கொட்டாய்க்குப் போய், வழக்கம்போல் எருமையின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் படல் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. கிட்டப் போகப் போக, பனிக்குள்ளிருந்து முதலில் இரண்டு கொம்பு வந்தது, பிறகு முகம், பிறகு பெரிய வயிறு.

"அத்தே! செவல வந்துகீது! உன் செவல!"

செவலை, கல்யாணத்தின்போது எங்கள் வீட்டிலிருந்து அத்தைக்குச் சீராகக் கொடுத்த பசு. நிறைமாசம். படல் மூங்கிலில் தும்புக் கயிறு சுற்றியிருக்க, அசையாமல் நின்றது. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன்னந்தனியாக வந்திருக்கிறது, எவ்வளவு அறிவு பாருங்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. அதைவிட ஆச்சரியம், சாக்கு போர்த்திக்கொண்டு வந்திருந்தது. சாதாரணச் சாக்கு இல்லை. சணல் முதுகை அறுக்கக்கூடாதென்று உள்பக்கம் முழுக்க ஒரு நீலக் கட்டம் போட்ட கைலியை வைத்துத் தைத்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாமாவின் கைலி. தையலைப் பார்த்தாலே கோணியூசி பிடிக்கத் தெரியாத ஆள் தைத்தது என்று தெரியும். அவ்வளவு கோணல்.

அத்தை ஓடிவந்தாள். மாட்டைத் தடவினாள். சாக்கைத் தூக்கி அடியில் கை விட்டுப் பார்த்தாள். மேலே சொட்டச் சொட்ட ஈரம், உள்ளே முதுகு காய்ந்து கதகதவென்று இருந்தது. அந்தக் கோணல் தையல் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பனியைப் பார்த்தாள். யாரையாவது கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

தூரத்தில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அத்தைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சரசரவென்று கயிற்றை அவிழ்த்தாள், சாக்கை உருவினாள், சுருட்டிக் கொண்டுபோய்க் கொசுவுக்குப் போட்டிருந்த வேப்பந்தழை மூட்டத்தில் திணித்தாள்.

"ஐயோ, நல்ல சாக்கு அத்த! நம்ம கன்னுக்குட்டிக்குப் போடலாமே!"

"யார்கிட்டயும் சாக்குன்னு மூச்சு உடாத. உட்ட, தோல உரிச்சிடுவேன்."

ஆசையாகத் தலை வாருகிறவளா இப்படிப் பேசுவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா வந்தார், செவலையைப் பார்த்தார், வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. "இன்னா இது? சீர் மாட்ட கொண்டாந்து உட்டுட்டானா?"

எங்கள் பக்கத்தில் சீரைத் திருப்பி அனுப்புவது சும்மா இல்லை. பாத்திரமோ பீரோவோ மாடோ, எது படி ஏறித் திரும்பி வந்தாலும் ஒரே அர்த்தம்தான். உங்கள் பெண் எங்களுக்கு வேண்டாம். அதற்குமேல் பெரியவர்களைக் கூட்டி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். தானாக அவிழ்த்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிற மாட்டின் முதுகில் சாக்கு நிற்காது, நின்றால் யாரோ கூடவே ஓட்டி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்ததுதான் தெரிந்தது.

"இன்னிக்கே நாலு பேரக் கூட்டினு போய் முடிச்சிட்டு வந்துடறேன். இன்னா நெனச்சிகினுகீறான் அவன்?"

"யாரும் கொண்டாந்து உடல. அதுவே வந்துச்சி" என்றாள் அத்தை.

"அதுவா? ஏரியச் சுத்திகினா வந்துச்சி?"

"நம்ம ஊட்ல பொறந்த மாடு, வழி தெரியாதா? தும்பு அவுந்துகீது, வந்துட்ச்சி. புள்ள தான் மொதல்ல பாத்துச்சி, கேளு."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சாக்கைத்தான் சொல்லப்போனேன். அதற்குள் அத்தை, மாட்டுக்கு வைத்திருந்த வெல்லத்தில் ஒரு பெரிய கட்டியை என் வாயில் அடைத்துவிட்டாள். மாட்டுக்கு வைத்த வெல்லமாக இருந்தால் என்ன, வெல்லம் வெல்லம்தானே. தலையை மட்டும் ஆட்டினேன்.

"யாருமே இல்லயா?"

மறுபடியும் ஆட்டினேன். நான் யாரையும் பார்க்கவில்லைதானே.

அம்மா வந்து, மாடு என்றால் அவிழ்த்துக்கொண்டு வரத்தான் செய்யும், இதற்குப்போய்க் குதிக்கிறீங்களே என்று அடக்கினாள். அப்பா மூக்கைச் சுளித்து, "இன்னா இது, சணல் எரியற நாத்தம்" என்றார். "கொசு" என்றாள் அத்தை. கொசுவுக்கும் சணலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. ஈரச் சாக்கு அந்தக் காலை முழுக்கப் புகைந்து புகைந்து பனியோடு சேர்ந்துகொண்டிருந்தது.

சரி, வழி தவறி வந்த மாட்டைத் திரும்ப விட வேண்டுமே. அப்பா கிளம்பினார். அத்தை விடவில்லை. "நெறமாசம். ஆம்பளைங்க இழுத்தா மெரளும். நானே ஓட்டினு போய் உட்டுட்டு வந்துடறேன்" என்றாள். துணைக்கு நான். என் கையில் ஒரு ஒயர் கூடை. உள்ளே தவிடு இருக்கிறது, ஆட்டாதே என்றாள். தவிட்டுக்கு நடுவில் சேலை ஓரம் எட்டிப் பார்த்ததையும், செல்போன் சார்ஜர் குத்தியதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏரிக்கரை மேல் போனோம். அந்த நடை இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. ஒரு பக்கம் தண்ணீர் இருக்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. பறவைகள் கத்துவது மட்டும் கேட்டது. பனைமரங்கள் ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. செவலையின் முதுகிலிருந்து ஆவி கிளம்பியது. அத்தை தன் முந்தானையை அவிழ்த்து அதன் முதுகில் போட்டுக்கொண்டு, மாட்டோடு ஒட்டி ஒட்டி நடந்தாள். முகம் கோபமாக இல்லை. ஒரு இடத்தில் ஈரக் கரையில் மாட்டுக் குளம்புத் தடமும், பக்கத்திலேயே செருப்புத் தடமும் எதிர்ப் பக்கமாக எங்கள் ஊரை நோக்கி வந்திருந்தன. நான் அவற்றின் மேல் குதித்துக் குதித்து விளையாடிக்கொண்டே போனேன். அத்தை தடுக்கவில்லை.

மாமா கொட்டாயில் சாணி வாரிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் முதலில் போனது சாக்கில்லாத செவலையின் முதுகுக்குத்தான்.

"மாட்டக் கட்டத் தெரியாதா? அதுபாட்டுக்கு அவுத்துகினு வந்து எங்க ஊட்டு வாசல்ல நிக்குது" என்று அத்தை ஒரு போடு போட்டாள்.

மாமா மாட்டின் முதுகைக் காட்டினார். "சாக்கு..."

"எந்தச் சாக்கு?"

அவர் சாணிக் கையைத் துடைத்துக்கொண்டார். "வர வழில எங்கனா உயுந்திருக்கும் போலகீது" என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு, தும்பை வாங்கிக் கட்டினார். அத்தை என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். உட்டுட்டு வந்துடறேன் என்று சொன்னவள் அதற்கப்புறம் பொங்கலுக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள், அதுவும் விருந்தாளியாக.

என்னை வீட்டில் விட மாமா பைக் எடுத்தார். பனி விலகி, ஏரி முழுக்க வெயில் அடித்தது. எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. ஏமாற்றி விட்டுவிட்டுப் போய்விட்டாளே. தோலை உரிப்பேன் என்று வேறு மிரட்டினாளே. அதனால் மாமாவின் முதுகில் வாயை வைத்துச் சொல்லிவிட்டேன்.

"மாமா, சாக்கு வழில உயுவல. அத்ததான் எரிச்சிட்ச்சி."

வண்டி மெதுவாயிற்று. "இன்னாது?"

"உங்க நீலக் கைலி வெச்சித் தெச்சிருந்தீங்களே, அது. அப்பா வர்றதுக்குள்ள மூட்டத்துல போட்டுட்ச்சி. அதுவே அவுத்துகினு வந்துச்சின்னு அப்பாகிட்டச் சொல்லிட்ச்சி. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுச்சி. உங்ககிட்டச் சொல்லலாம்ல?"

மாமா கரை மேலேயே வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஏரியையே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. எட்டி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதீங்க மாமா. பொங்கலுக்கு அப்பாகிட்டச் சொல்லி அதே மாதிரி கைலி எடுத்துத் தரச் சொல்றேன்."