நீதிமன்றம் கேட்ட இருமல்

“நம்ம கம்பெனியா திவால்? இன்னும் டிவில விளம்பரம் வருதே!” என்றார் வெர்னா டட்டில். அவர் வீட்டுச் சமையலறையில் என் அப்பா எலிசெயோவும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

“கம்பெனி நல்லாத்தான் இருக்கு, மிஸ் வெர்னா. ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. ஆலையும் பணமும் ஒண்ணுக்கு. நம்ம வழக்குங்க மட்டும் இன்னொண்ணுக்கு. அதுதான் திவால் மனு போட்டிருக்கு. அது முடியுற வரைக்கும் எந்த வழக்கும் நகராது,” என்று விளக்கினேன்.

“நல்ல யோசனை! என் நுரையீரலையும் அப்படியே பிரிச்சுக் குடு. கெட்ட பாதி திவாலாகட்டும்.”

அப்பா ஸ்பானிஷில் நெடுநேரம் பொரிந்து தள்ளினார்.

“என்னவாம்?”

“வருத்தமா இருக்காம்,” என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

“அவ்வளவு கத்தினதுக்கு இவ்வளவுதானா?” வெர்னாவின் சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவரும் அப்பாவும் வட கரோலினாவில் எங்கள் ஊர் ஆலையில் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றியவர்கள். அந்தத் தூசியால் இருவருக்கும் ஒரே நுரையீரல் நோய்; அதற்காகத்தான் கம்பெனி மேல் வழக்கு. தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த வெர்னா, மூச்சு குறைந்தபின் முன்வரிசையில் உட்கார்ந்து, பிசகாகப் பாடுகிறவர்களை முறைத்துக்கொண்டிருப்பார். அவர் விரும்பியது ஒன்றுதான்: ஆலையில் நடந்ததைச் சாவதற்குள் தன் வாயால் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். திவால் மனு அதையும் நிறுத்தியிருந்தது.

அந்த மனுவின் விசாரணையை நாங்கள் தொலைபேசியில் கேட்கலாம், பேசக்கூடாது. எங்கள் பக்க ஒலியை அடைத்துவைக்க வேண்டும். ஒருநாள் வெர்னா அடைக்க மறந்துவிட்டார். காத்திருப்பதால் யாருக்கும் பாதிப்பில்லை என்று கம்பெனி வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை.

“யாரது?” என்றார் நீதிபதி.

“வெர்னா டட்டில், யுவர் ஆனர். மன்னிச்சுக்கங்க. அந்தக் காத்திருக்குற ஆளுங்கள்ல ஒருத்தி.”

எங்கள் வக்கீல் உடனே எழுந்து, இவர்களால் காத்திருக்க முடியாது என்று வாதாடினார். நோய் முற்றியவர்களின் சாட்சியத்தை இப்போதே படம்பிடிக்க நீதிபதி அனுமதித்தார்.

வழக்குகள் இன்னும் நகரவில்லை. ஆனால் வெர்னா எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பாவும் அப்படியே. அந்தப் பதிவில் கம்பெனியைத் திட்டும்போது அப்பாவின் குரல் பழைய பலத்தோடு இருக்கிறது. வீடு மிகவும் அமைதியாகிவிடும் நாட்களில் அதைப் போட்டுக் கேட்டு, வெர்னாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா சாட்சி சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின மாலை, வாசலில் சோளரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வெர்னா கேட்டுக்கொண்டார்:

“மொழிபெயர்க்க கோர்ட்டுலேருந்து ஆள் வருவாங்க. நீ பக்கத்துல சும்மா உக்காரு. உங்கப்பா திட்டினா திட்டட்டும், கண்ணு. தடுக்காத.”