பார்க்காமல் வைத்த சோறு

அக்கா வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் அன்றைக்கு உப்பில்லாத குழம்புதான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். அங்கே உப்பு ஜாடியின் மூடியைத் திறப்பதுகூட எங்களுக்குக் கேட்கும். ஆனாலும் அக்கா போய்க் கேட்க மாட்டாள். யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போன பிறகு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக மரவள்ளிக் கிழங்கு கேட்டு நின்றவள் அவள். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளே விளக்கை அணைத்த வீடுகள் உண்டு. அவர்களிடமும் கிழங்கு இருந்திருக்காது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் அவளை மகாராணி என்றார்கள். குழாயடியில் அவள் தலை தெரிந்தால், "ஏண்டி, வழி விடுங்க. மகாராணி தண்ணி கேக்க மாட்டாங்க, தானா வரணும்லா" என்பார்கள். அக்கா சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். தன் முறை வரும்வரை நின்று, பிடித்துக்கொண்டு வருவாள்.

அவள் கணவருக்கு வேறு சட்டம். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனவர்களில் அத்தானும் ஒருவர். அங்கே வயிற்றுக்கடுப்பு வந்து, இனி தேறாது என்று ஒதுக்கப்பட்டவர்களின் கொட்டகையில் அவரைப் போட்டுவிட்டார்களாம். காலையில் கண் விழிக்கும்போது தலைமாட்டில் ஓர் இலைத் துண்டில் ஒரு உருண்டை சோறு இருக்குமாம். யார் வைத்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சட்டத்தைத்தான். தினமும் தான் ஒரு வாய் போடும் முன், பசித்தவன் கண்ணில் படும் இடத்தில் ஒரு பிடி சோறு வைத்துவிட வேண்டும். வைத்த பிறகு யார் எடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

"பாத்தா என்னவாம்?" என்று ஒருமுறை நான் கேட்டேன்.

"பாத்துட்டா கணக்காயிடும் புள்ள. இவன் நல்லவன், அவன் திருடன்னு மனசு எழுத ஆரம்பிச்சிடும். அப்புறம் கை நீளாது."

ரெம்பாவ் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அத்தான் பால் வெட்டிய நிரை காட்டோரம் போய் முடியும். அந்த முடிவில் ஒரு தட்டைக் கல். எப்போதோ யாரோ மஞ்சள் குங்குமம் தடவி அதை முனியாண்டி ஆக்கியிருந்தார்கள். அத்தான் சோற்றை அங்கே வைப்பார். தரையில் வைத்தால் எறும்பு மொய்க்கும், கல்லில் வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். மற்றவர்கள் அதைப் படையல் என்றே நினைத்தார்கள். "சாம்பாரும் ஊத்தி வை மாமா, சாமி வெறுஞ்சோறு திங்குமா?" என்று பக்கத்து நிரைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்" என்பார் அத்தான்.

பிறகு வெள்ளைக்காரச் சர்க்கார் அறிவித்த அவசரகாலம் வந்தது. தோட்டத்தில் அங்கங்கே இருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி அடித்தார்கள். ஒரே ஒரு கேட். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் தோட்டத்துச் சோற்றில்தான் உயிர் வாழ்கிறார்கள் என்று சர்க்கார் முடிவு செய்தது. அதனால் சமைத்ததோ சமைக்காததோ, உணவு எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், திரும்பி வந்துதான் மறுபடி சாப்பிட வேண்டும். அரிசியும் அளவுதான். காலையில் ஆண்களைக் கேட்டிலேயே தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்கத் தகர மறைப்புக்குள் ஒரு பெண் இருந்தாள். பால் வாளியைக் கவிழ்த்துத் தட்டச் சொல்வாள்.

அத்தான் முதலில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். கம்பிக்கு உள்ளேயே ஒரு கம்பத்தின் மேல் வைத்துப் பார்த்தார். கோழிகள் கம்பத்தையே சுற்றிவந்தன. எதிர்வீட்டுக்காரி, "உங்க வீட்டுல அரிசி மிஞ்சுதாக்கா?" என்று அக்காவிடம் குத்தலாகக் கேட்டாள். "வேலிக்குள்ள எல்லாரும் தெரிஞ்சவங்க. இங்க வச்சா யாருக்குன்னு வச்ச மாதிரி ஆயிடுது" என்று அத்தான் அதை விட்டுவிட்டார். காலையில் வெறும் கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போக ஆரம்பித்தார். வைக்காமல் எப்படி உண்பது என்பது அவருக்குப் பிரச்சினை. ஆள் இளைத்தார்.

பிறகு ஒரு நாளிலிருந்து மறுபடியும் காலையில் சாப்பிட்டார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவர் சாப்பிடும் முன்பே சட்டியில் ஒரு பிடி குறைவது சமைத்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் கேட்கவில்லை. புருஷனிடம்கூட எதையும் கேட்காதவள் அவள்.

கேட்டில் நடந்ததை நானே பார்த்தேன். வரிசையில் அத்தானுக்குச் சற்றுப் பின்னால் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பையன் ரெம்பாவ் கிராமத்தைச் சேர்ந்தவன். அத்தானைத் தினமும் தடவிப் பார்ப்பான். "எமாஸ் அடா?" என்பான், தங்கம் இருக்கிறதா என்று. "அடா லா, பன்யாக்" என்பார் அத்தான், நிறைய இருக்கிறது என்று. இருவரும் சிரிப்பார்கள். அன்றைக்குப் புதிதாக ஒரு சார்ஜன்ட் வந்திருந்தார். எல்லோரும் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும் என்றார். அத்தான் அவிழ்த்தார். வாழையிலைப் பொட்டலம் ஒன்று காலடியில் விழுந்து பிரிந்தது. அந்தப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "நாசி" என்றான், சோறு என்று. அவன் குரல் தணிந்திருந்தது. சோறு வெள்ளையாக மண்ணில் கிடந்தது.

அத்தானை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கூடப் போய்த் தமிழை இங்கிலீஷாக்கிச் சொன்ன எங்கள் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அன்று மாலை வந்து வாசலில் நின்றபடி சொன்னது இது.

"நான் எவ்வளவோ வழி காட்டிட்டேம்மா. 'பசிச்சா தின்ன எடுத்துட்டுப் போனேன்னு சொல்லுய்யா, அபராதத்தோட விட்டுடுவாங்க'ன்னேன். 'என் பசிக்கு இல்லீங்களே'ங்கிறார். 'சரி, சாமிக்குப் படையல்னு சொல்லு'ன்னேன். அதையாவது சொன்னார். ஆபீசர் கேட்டார், 'சாமி தின்னுச்சா, வேற யாராவது தின்னாங்களா?'ன்னு. காக்கா நாய்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? 'பாக்கலீங்க. யார் தின்னாலும் எனக்கு ஒண்ணுதான்'னுட்டார்! இதை நான் எப்படிம்மா மாத்திச் சொல்றது? பக்கத்துல தமிழ் தெரிஞ்ச இன்னொரு போலீஸ்காரன் உட்கார்ந்திருக்கான்."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு என்னங்க ஆகும்?" என்று நான்தான் கேட்டேன்.

"தடுப்புக்காவல்ல வைப்பாங்க. அப்புறம் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்க. எத்தனையோ பேரை அனுப்பிட்டாங்க. துரை ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா விடலாம். ஆனா நான் போய்க் கேட்டா, உனக்கென்ன அக்கறைன்னு என்னையே சந்தேகமாப் பாப்பாங்க. பொண்டாட்டி போய்க் கேக்கணும்."

இந்தியாவில் அத்தானுக்கு யாரும் இல்லை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அங்கே எந்த ஊர் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் பிற்பகல் அக்கா துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். "நீயும் வா" என்றாள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குக் குன்றேறிப் போனோம். பின்பக்கம் சமையல்கட்டுப் படியருகே நின்றோம். துரை வெளியே வந்து, தோட்டத்தில் கற்ற தமிழில், "என்னா வேணும்?" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கேட்பது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சமையல்காரர் பின்னாலிருந்து, "கேளு தாயி, துரைக்கு வேலை இருக்கு" என்றார். நான் பேச வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"அவரை விட்டுடச் சொல்லுங்க தொரை" என்றாள். பிறகு, அது போதாது என்று நினைத்தவள் போல, "கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள்.

துரை தலையசைத்தார். "அவன் நல்ல வேலைக்காரன். நான் எழுதறேன். ஆனா இனிமே சோறு வைக்க மாட்டேன்னு அவன் வாயால சொல்லணும். எங்கேயும், யாருக்கும். சொல்வானா?"

"சொல்லுவாருங்க."

இறங்கி வரும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. முன்னால் வேகமாக நடந்தாள்.

சிரம்பானில் காவலில் வைத்திருந்த அத்தானைப் பார்க்க எங்களை விட்டார்கள். கிராணியும் கூட வந்திருந்தார். நடுவே கம்பி வலை. அத்தான் சவரம் செய்யாமல் இருந்தார். அக்கா துரை சொன்னதைச் சொன்னாள்.

"நீ போய்க் கேட்டியா?" என்றார் அத்தான். அவருக்கு அதுதான் முதலில் பட்டது. "துரைகிட்டயா?"

"கேட்டேன்."

"எனக்காகவா புள்ள?"

"வேற யாருக்காக? சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே."

"சொல்லிட்டு வச்சா பொய்யாயிடும். வைக்காம இருந்தா..."

"வச்சா கப்பல்ல ஏத்துவாங்க. நீங்க அங்க, நான் இங்க. உங்க சோத்தைத் தின்னவன் எவனாச்சும் வந்து என்னைப் பாப்பானா?"

"யாரு தின்னான்னுதான் எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "இத்தனை வருசமா உங்க கையால தின்னவ நான்தான். என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

காவலர் நேரமாகிவிட்டது என்றார். கிராணி தொண்டையைக் கனைத்தார். அப்போது அத்தான், "சொல்றேன்" என்றார்.

சொன்னார். துரை எழுதிக் கொடுத்தார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் அத்தான் கெமாஸ் போகும் பஸ்ஸிலிருந்து இறங்கி, நனைந்தபடி கேட்டுக்குள் வந்தார். கேட்டில் நின்ற அந்த மலாய்க்காரப் பையன் அவரைத் தடவிப் பார்க்காமலே உள்ளே விட்டான். எமாஸ் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் கேட்கவில்லை.

வந்த நாளிலிருந்து அவர் காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டார். உடம்பு தேறியது. ஆபத்து விலகிவிட்டது என்று நான் நினைத்தேன். மாற்றம் எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. அவர் பார்க்க ஆரம்பித்திருந்தார். உண்ணும்போது என் தட்டைப் பார்ப்பார். "நேத்து இங்க யாரு வந்தா?" என்பார். யாராவது வாசலில் நின்று பேசினால், போன பிறகு, "அவனுக்கு என்ன வேணுமாம்?" என்பார். பிச்சை கேட்டு வந்த ஒரு கிழவரிடம் எந்தத் தோட்டம், யார் அனுப்பினார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். கிழவர் பயந்து, வாங்காமலே போய்விட்டார். அக்கா ஓடிப்போய்க் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.

அக்கா மாறியது வேறு விதமாக. ஒருமுறை கேட்டுவிட்டவளுக்குப் பிறகு கேட்பது கூச்சமாக இல்லை. பலகைச் சுவரைத் தட்டி மிளகாய் கேட்டாள். அந்தப் பக்கமிருந்து சிரிப்போடு மிளகாய் வந்தது. குழாயடியில் மகாராணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு முதன்முறையாகச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். இதை அவளுடைய நஷ்டம் என்று எழுத என்னால் முடியவில்லை. ஆனால் அத்தானின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் சிரிப்பை எதைக் கொடுத்து வாங்கினோம் என்று அவள் நினைத்திருப்பாள்.

சில வருஷங்களில் எங்கள் பக்கம் காடு அமைதியாகிவிட்டது என்று சொல்லி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கேட்டில் சோதனை நின்றது. கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். லயத்துப் பிள்ளைகள் அதன் பின்னால் கத்திக்கொண்டே ஓடினார்கள். ஆண்கள் வேலைக்குச் சோற்றுத் தூக்கோடு போகத் தொடங்கினார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா சொன்னாள்:

"கம்பியே போயிடுச்சு. அந்த வாக்கும் அதோட போனதுதான். நாளையிலேர்ந்து வைங்க."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"துரை எப்ப வரைக்கும்னு சொல்லலை."

"துரை ஊருக்கே போயிட்டார். யார் கேக்கப் போறா?"

"வாக்கு இருக்கட்டும் புள்ள. அதை நான் பாத்துப்பேன்." கையை நிறுத்தினார். "அங்க ஸ்டேஷன்ல எனக்குப் படம் காட்டினாங்க. காட்டுல செத்தவங்க படம். ஒண்ணு ஒண்ணா மேசையில வச்சு, 'இவன் தின்னானா, இவன் தின்னானா'ன்னு கேட்டாங்க. ராத்திரி பகலாக் கேட்டாங்க. நான் தெரியாது தெரியாதுன்னேன். தெரியாதுதான். ஆனா ஒரு படத்துல சின்னப் பய ஒருத்தன், வாய் திறந்து கிடந்தான். மீசைகூட முளைக்கலை. அவனைப் பாத்துட்டேன்."

இதை அவர் எங்களிடம் அதுவரை சொன்னதே இல்லை.

"இப்ப வச்சா அவனுக்குன்னுதான் வைப்பேன்" என்றார். "இல்லேன்னா, இதைத் தின்னதாலதான் அங்க கிடந்தான்னு நெனைப்பேன். எதுன்னு எனக்கே தெரியலை. பாக்காம வைக்க என்னால இனி ஆகாது."

"நான் கேக்காம இருந்திருந்தா..." என்று அக்கா தொடங்கினாள்.

"நீ கேட்டது சரிதான்" என்றார் அவர் சட்டென்று. "இல்லேன்னா எங்கயோ தெரியாத ஊர்ல இருந்திருப்பேன். சாப்பிடு."

அக்கா சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். அத்தான் தன் தட்டில் எதையும் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டு, எழுந்து கை கழுவப் போனார். சட்டியில் மீந்ததில் அக்கா தண்ணீரை ஊற்றி மூடினாள்.