ரேடியேட்டர் இல்லாத காரும் என் வீட்டுக்காரரும்

“ரேடியேட்டரு எங்கீங்க இருக்குது?”

கேட்டவர் ஒரு பிக்கப் வண்டி டிரைவர். வண்டியின் பின்னால் அடுக்கடுக்காகத் தக்காளிப் பெட்டிகள். கையில் தண்ணீர் கேன். போன வாரம் மொரப்பூர் போகிற ரோட்டில், புளியமரத்தடியில் நின்றுபோன எங்கள் காரைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே உதவிக்கு வந்த புண்ணியவான்.

“அது இல்லீங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“காணாம போயிடுச்சுங்களா?”

“மொதல்லேர்ந்தே இல்லீங்க. இது காத்துலயே கூலாவுற எஞ்சினு.”

டிரைவர் நம்பவில்லை. முன்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தால்... என் நாத்தனாரின் சூட்கேஸ், ஒரு பை முருங்கைக்காய், பிரசவ லேகிய டப்பா. எஞ்சினையும் காணோம். அவர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே — ‘இதுங்க எப்படி இவ்வளவு தூரம் வந்துச்சுங்க’ என்று அர்த்தம்.

எஞ்சின் பின்னால் இருக்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள், இந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் வரலாற்று வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். இவர் பாலக்கோட்டுக்குப் போனார். அங்கே ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், காலி தக்காளிக் கூடைகளுக்கு அடியில் கிடந்த பழைய ஜெர்மன் கார் ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்துவந்துவிட்டார். முதுகு வளைந்த வண்டு மாதிரி இருக்குமே, அந்தக் கார்.

“யாரு இத ரிப்பேர் பண்ணுவா?” என்றேன்.

“நான்தான். புக்கு இருக்குல்ல.”

புக்கு என்றால், ஆங்கிலத்தில் ஒரு தடித்த ரிப்பேர் மேனுவல். யாரிடமிருந்தோ வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்தார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. முழு சர்வீஸும் பாடப் புத்தகத்தைத் திறக்காமலே பாடம் நடத்திய மனுஷன் இவர். கைக்குப் புத்தகம் பழக்கமில்லை.

ஆகவே ஏற்பாடு இப்படி ஆனது. அவர் காருக்கு அடியில். நான் பிளாஸ்டிக் ஸ்டூலில். நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அவர் செய்ய வேண்டும். செய்தாரா?

“வால்வ் அட்ஜஸ்ட் பண்றதுக்கு எஞ்சின் சுத்தமா ஆறியிருக்கணும். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி செய்யணும்னு போட்டிருக்கு” என்பேன். தலையாட்டுவார். மறுநாள் விடிந்ததும் நான் புத்தகத்தோடு வந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். “சும்மா ஒரு தடவ சத்தம் கேக்கலாம்னு...” என்று இழுப்பார். அப்புறம் அது ஆறுவதற்கு அன்றைக்கு முழுக்கக் காத்திருக்க வேண்டும். நானும் ஆற வேண்டும்.

இன்னொரு நாள் ஆயில் மாற்றும் வேலை. அடியில் ஒரு வட்டத் தகடு, அதைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன நட்டுகள். “ரொம்ப முடுக்கக் கூடாது, மெதுவா” என்று படித்தேன். “சரி சரி” என்றார். அதற்கு மேல் ஒரு சுற்று. டிக். உடைந்த துண்டு கையில். காருக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தார் — நான்தான் உடைத்த மாதிரி.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. புத்தகத்தில் இருந்தால் அது அறிவுரை. அதையே மனைவி வாசித்தால் தொணதொணப்பு.

ஆனாலும் மாதக்கணக்கில் சத்தம் போட்டு வாசித்ததில், பாதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. காரும் ஓட ஆரம்பித்தது. அந்தத் தெம்பில்தான் போன வாரம், “அக்காவ நானே ஸ்டேஷன்ல கொண்டுபோயி வுடறேன்” என்றார்.

அக்கா என்றால் என் நாத்தனார்; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகளுக்குச் சென்னையில் மறுநாள் சிசேரியன். மொரப்பூரில் ரயில். டிக்கெட் போட்டாயிற்று. “பஸ்ஸுல போய்க்கறேன் குமாரு” என்று அவர் எவ்வளவோ சொன்னார். தம்பி கேட்கவில்லை.

மொரப்பூர் நெருங்குகிற நேரம். பின்னால் ‘பட்’ என்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் சிவப்பு லைட்.

“ஏங்க, நிறுத்துங்க” என்றேன்.

“அது பேட்டரி லைட்டு. சார்ஜ் ஏறல, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச தூரம், போயி பாத்துக்கலாம்.”

“ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும். சார்ஜ் ஏத்தறதும் அந்த பெல்ட்டுதான், எஞ்சினுக்குக் காத்து அடிக்கற ஃபேன சுத்தறதும் அதுதான். லைட்டு எரிஞ்சா அந்த இடத்துலயே நிறுத்தணும். இல்லன்னா எஞ்சினே போயிடும்.”

“ரயிலு போயிடுமே சாந்தி” என்றார் பின்சீட்டிலிருந்து அண்ணி. “அங்க அவ தனியா கெடப்பாளேம்மா.”

நிறுத்தச் சொல்லி ரயில் போய்விட்டால், பழி என் தலையில். ஓடவிட்டு எஞ்சின் இறுகிப்போனால், ரயிலும் போகும், காரும் போகும். புத்தகம் எழுதியவருக்கு என்ன, அவருக்கு நாத்தனார் பின்சீட்டில் இல்லை.

“நிறுத்துங்க” என்றேன் மறுபடியும்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். பிறகு... நிறுத்திவிட்டார். அக்காவுக்கு முன்னால் தன் கார் நின்றுபோவது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் தண்ணீர் கேனோடு அந்த டிரைவர் வந்தார். ரேடியேட்டர் ஆராய்ச்சியெல்லாம் முடிந்த பிறகு, அண்ணி அழுவதைப் பார்த்துவிட்டு, “எங்கம்மா போவணும்?” என்றார்.

“ஸ்டேஷனுக்குப்பா. ரயிலுக்கு நேரமாயிடுச்சு.”

“இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? நான் அந்தப் பக்கந்தான் போறேன். ஏறுங்க.”

சூட்கேஸ் தக்காளிப் பெட்டி மேல் ஏறியது. அண்ணி, மடியில் லேகிய டப்பாவும் முருங்கைக்காயுமாக, டிரைவர் பக்கத்தில் ஏறினார். பிக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

ரோட்டில் நாங்கள் இரண்டு பேர். பின்னால் எஞ்சின் மூடியைத் திறந்தால், நான் சொன்னபடியே பெல்ட் அறுந்து கிடந்தது. ‘பார்த்தீர்களா’ என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

“ரயிலப் புடிச்சிருப்பாளா?” என்றார்.

“புடிச்சிருப்பாங்க. மொதல்ல இதப் பாப்போம்.”

எஞ்சின் சூடு தணியட்டும் என்று காத்திருந்தோம். முன்பக்க டிக்கியில் ஒரு புது பெல்ட் இருந்தது. வாங்கி வைக்கச் சொல்லிப் புத்தகம் நச்சரித்திருந்தது. காரிலேயே வைத்திருந்த புத்தகத்தை நான் மடியில் விரித்துக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்தேன்.

“ஸ்க்ரூடிரைவர கப்பியோட பள்ளத்துல மாட்டி, சுத்தாம புடிச்சுக்கிட்டு, நட்ட கழட்டுங்க.”

கழற்றினார். “அடுத்து என்ன?”

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. ஒரு நிமிஷம் எனக்கு வரி மறந்துவிட்டது.

“கப்பி ரெண்டா பிரியும். நடுவுல இருக்கற வாஷருங்கள பத்திரமா எடுங்க. பெல்ட்ட மாட்டி, கட்ட விரலால அழுத்திப் பாக்கணும். தொளதொளன்னு இருந்தா ஒரு வாஷர நடுவுலேர்ந்து எடுத்து வெளியில போடணும்.”

“அடுத்து?”

“நட்ட முடுக்குங்க.”

முடுக்கினார். நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, “போதுமா?” என்றார்.

“போதுங்க.”

சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, சிவப்பு லைட் அணைந்தது. அதே நேரம் போனும் அடித்தது. அண்ணிதான். “ஏறிட்டேன் குமாரு. அந்தத் தம்பி பொட்டிய பிளாட்பாரம் வரைக்கும் தூக்கியாந்து குடுத்துச்சு.” என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடமெல்லாம் கிரீஸ். நான் சொல்லவில்லை, அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் சென்னையில் பெண் குழந்தை. அம்மாவும் பிள்ளையும் நலம். அன்றிலிருந்து விசாரிக்க யார் போன் செய்தாலும், குழந்தையின் எடையோடு சேர்த்துக் காரின் கதையும் போகிறது. சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். “செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு பாருங்க... சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. ஒரு செகண்டு கூட யோசிக்கல, அப்படியே நிறுத்திட்டேன்.”

நான் குறுக்கே பேசுவதில்லை. வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு அந்த அவசரம் எதற்கு?